நீர்முள்ளி உப்பு

ரெட்டியார்சத்திரம்
10 பிப்ரவரி 2025

தர்ஷினிக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆனதோ என்று பதறாதே. எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறோம். என் போன் குளத்தில் விழுந்து செத்துப்போனது. வீட்டில் மிச்சம் அப்பா போன் ஒன்றுதான். அதில் உன் மடத்துக்குப் பேசினேன் என்று தெரிந்தால் மனிதர் போனையும் என்னையும் சேர்த்துக் கிணற்றில் போட்டுவிடுவார். அதனால்தான் தபால்காரருக்கு வேலை வைக்கிறேன்.

கன்னியாஸ்திரி ஆகப்போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு நீ வத்தலக்குண்டு பஸ் ஏறி ஒன்றரை வருஷம் ஆகிறது. "அவ இந்த வாசப்படி மிதிச்சா, நான் இந்த வீட்டுல சோறு திங்க மாட்டேன்" என்று அப்பா அன்றைக்குச் சொன்னதோடு சரி, அதற்குப் பிறகு உன் பெயரை எடுக்கவே இல்லை. சுவரில் இருக்கும் உன் போட்டோவை மட்டும் கழற்றவில்லை. அதைத் துடைக்கிற வேலை எனக்கு.

விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் கழிந்ததிலிருந்து அப்பாவுக்குக் கால் வீக்கம். விரலால் அமுக்கினால் குழி அப்படியே நின்றது. திண்டுக்கல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இருபது வருஷச் சர்க்கரை கிட்னியைத் தின்றுவிட்டது என்றார். மாத்திரை எழுதினார். உப்பை நிறுத்தச் சொன்னார். "இப்படியே போனா மெஷின்ல போட வேண்டி வரும், ஒரு மாசத்துல ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வாங்க" என்றார். முப்பது வருஷம் மின்வாரியத்தில் லைன்மேனாகக் கம்பம் ஏறின மனிதர், மெஷின் என்ற சொல்லைக் கேட்டதும் வேர்த்துக் கொட்டி எழுந்து வெளியே வந்துவிட்டார். ஊர் வந்து இறங்கியதும், "கிட்னின்னு ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. கால் வீக்கம், அம்புட்டுத்தான்" என்றார்.

நான் என்ன செய்ய? சிவனம்மாளிடம் கேட்டேன். உனக்குத் தெரியுமே, மாடு மேய்த்துக்கொண்டே மூலிகை பறித்து நாட்டு மருந்துக் கடைக்குப் போடுவாரே, அவர்தான். குளத்தில் தண்ணீர் வற்றின ஓரமெல்லாம் நீர்முள்ளி இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது, கணுவுக்குக் கணு முள்ளும் ஊதாப் பூவுமாக. வேரோடு பிடுங்கி அலசி, நெருஞ்சிலும் சோம்பும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார். பிடுங்கும்போதுதான் போன் விழுந்தது. கையெல்லாம் முள். ஆனால் கேள், ஒரே வாரத்தில் மூத்திரம் நன்றாகப் போய் வீக்கம் பாதி வடிந்துவிட்டது. அப்பா செருப்புப் போட்டு நடக்கிறார்!

மடத்துக்குப் போகுமுன் நாலு வருஷம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷின் ஓட்டினவள் நீ. இது போதுமா, இன்னும் ஏதாவது செய்யணுமா என்று எழுது. நீ போனதில் எனக்கு இன்னும் கோபம்தான். அது வேறு, இது வேறு.

அறிவுச்செல்வி


வத்தலக்குண்டு
15 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இறைவன் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

இங்கே வருகிற கடிதங்களை எங்கள் பொறுப்புச் சகோதரி படித்துவிட்டுத்தான் தருவார். எல்லாருக்கும் அப்படித்தான். உன் கடிதத்தைக் கையில் கொடுக்கும்போது, "அப்பாவுக்காக ஜெபிப்போம்" என்றார். நின்ற இடத்திலேயே பிரித்துப் படித்தேன்.

வீட்டை விட்டு வந்தவள் அங்கே நடப்பதற்கு யோசனை சொல்வது எனக்கே கூச்சமாக இருக்கிறது. நீ கேட்டதால் சொல்கிறேன். நீர்முள்ளியை நான் குறை சொல்லவில்லை. நீர் இறக்குகிற செடிதான். எனக்கு ஏழு வயதில் நீர்க்கடுப்பு வந்தபோது நம் அம்மா, அவள் ஆத்மா இளைப்பாறட்டும், அதைத்தான் காய்ச்சித் தந்தாள், இரண்டே நாளில் சரியானது. ஆனால் அன்றைக்கு என் கிட்னி நன்றாக இருந்தது. கெட்டுப்போன கிட்னி, உள்ளே போகிறதை எல்லாம் வெளியே தள்ளாது. வீக்கம் வடிவது வேறு, கிட்னி தேறுவது வேறு அக்கா.

அதனால் அடுத்த ரத்தப் பரிசோதனை வரைக்கும் கஷாயத்தை நிறுத்து. டாக்டர் மாத்திரையை விடாதே. இளநீர் வேண்டாம், வாழைப்பழம் வேண்டாம். பழைய ரிப்போர்ட்டில் கிரியாட்டினின், பொட்டாசியம் என்று இரண்டு இருக்கும். அவற்றுக்கு நேராக என்ன எண் போட்டிருக்கிறது என்று பார்த்து எழுது. உடனே எழுது. இருபத்தாறாம் தேதியிலிருந்து தவக்காலம் தொடங்கும் நாள்வரை எங்களுக்கு மௌன தியானம். அந்த நாட்களில் வரும் கடிதங்களை எடுத்து வைத்துவிட்டு முடிந்த பிறகுதான் தருவார்கள்.

அப்பா மெஷினுக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறார் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போது கை வரவில்லை.

போட்டோவைத் துடைப்பதற்கு நன்றி.

தர்ஷினி


ரெட்டியார்சத்திரம்
26 பிப்ரவரி 2025

தர்ஷினிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. கோபத்தில் பதில் போடவில்லை. தியானத்துக்கு முன்னால் எழுது என்றாய், பிந்திவிட்டது, போகட்டும். அங்கே உட்கார்ந்துகொண்டு அதை நிறுத்து, இதை நிறுத்து என்று எழுதுவது சுலபம். தட்டு பறந்து வந்து என் முழங்காலில் அல்லவா விழுகிறது!

நீ சொன்னபடி கஷாயத்தை நிறுத்திவிட்டேன். அவருக்கும் அது குமட்டியது. உப்பை, உனக்கு முதல் கடிதம் போட்ட மறுநாளே நிறுத்தியிருந்தேன். அதில்தான் சண்டை. உப்பில்லாத சோற்றை ஒரு வாய் வைத்துவிட்டு, "இத மாடு திங்குமா?" என்று தட்டை வீசினார். வெஞ்சனமாக வைத்த பொரியலைத் தொடவில்லை. மூன்று நாள் வெறும் தேத்தண்ணீர். என் தையல் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டே இருந்தார். பட்டினியிலேயே போய்விடுவாரோ என்று பயந்துபோனேன்.

அப்புறம் வழி கிடைத்தது. சிவனம்மாள்தான் சொன்னார். முற்றின நீர்முள்ளியைப் பிடுங்கிச் சருகாகக் காயவைத்து, எரித்து, அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிவை இறுத்து மண்சட்டியில் காய்ச்சினால் அடியில் வெள்ளையாக உப்புப் படியும். நீர்முள்ளி உப்பு என்பார்களாம். வீக்கத்துக்கு மோரில் ஒரு சிட்டிகை போட்டுக் குடிப்பது வழக்கமாம். நான் யோசித்தேன். மருந்துதானே, மோரில் மட்டும் எதற்கு, சோற்றிலும் ரசத்திலும் இதையே போட்டால் என்ன? கடை உப்பு ஒரு கல் கிடையாது. டாக்டர் சொன்னதும் ஆச்சு, அப்பா நாக்குக்கும் ஆச்சு. எப்படி என் மூளை?

பத்து நாளாக மூன்று வேளையும் சாப்பிடுகிறார். "லேசா கசக்குது, ஆனா தேவல" என்கிறார். விரல் நுனி மதமதவென்று இருக்கிறதாம். வாசப்படி ஏறச் செத்த நேரம் நின்று ஏறுகிறார். மூன்று நாள் பட்டினி கிடந்த உடம்பு, தேற வேண்டாமா?

நீ கேட்ட எண்கள்: கிரியாட்டினின் 5.2, பொட்டாசியம் 5.4. நல்லதா கெட்டதா தெரியாது. அடுத்த டெஸ்டுக்கு வர மாட்டேன் என்கிறார்.

உங்கள் மடத்தில் ஒரு வயதான சிஸ்டருக்குக் கால் வீங்கும் என்று முன்பு போனில் சொன்னாயே, அவருக்காக இந்த உப்பில் ஒரு பொட்டலம் கவருக்குள் வைத்திருக்கிறேன். முள் குத்திய கையால் காய்ச்சியது, வீணாக்காதே.

அக்கா


வத்தலக்குண்டு
5 மார்ச் 2025, சாம்பல் புதன், காலை பத்தரை மணி

அக்கா,

இந்தக் கடிதத்தை எங்கள் வேன் டிரைவர் ஆல்வின் நேரே உன் கையில் தருவார். படிக்கும்போதே எழுந்து நில். அந்த உப்பை இனி ஒரு துகள்கூட அப்பா வாயில் வைக்காதே. சமைத்து வைத்திருந்தால் கொட்டு. ஆல்வின் வேனிலேயே அப்பாவைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போ. டயாலிசிஸ் இருக்கிற ஆஸ்பத்திரியாக இருக்கட்டும். வாசலிலேயே சொல்: "கிட்னி பேஷண்ட், பொட்டாசியம் ஏறியிருக்கும், முதலில் ஈசிஜி எடுங்கள்." இந்தச் சொற்களையே சொல். கால் வீக்கம் என்று சொல்லாதே. வரிசையில் உட்காராதே.

உன் கடிதம் சனிக்கிழமையே வந்திருக்கிறது. நான் தியானத்தில் இருந்தேன். பொறுப்புச் சகோதரியும் எங்களோடு மௌனத்தில் இருந்ததால் அதை யாரும் பிரிக்கவில்லை. நாலு நாள் மேசை டிராயரில் கிடந்திருக்கிறது அக்கா. இன்று காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்து பிரித்தேன். பொட்டலத்தில் இருந்ததை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். கரித்தது, பிறகு கசந்து சுட்டது. உடனே ஆபீசுக்கு ஓடினேன்.

அது மருந்தில்லாமல் இல்லை. ஆனால் அந்தச் சாம்பல் உப்பில் நிறைய இருப்பது பொட்டாசியம். நல்ல கிட்னி அதை வெளியே தள்ளிவிடும். அப்பாவுடையது தள்ளாது. அது ரத்தத்தில் சேர்ந்து சேர்ந்து ஒரு நொடியில் நெஞ்சை நிறுத்திவிடும். விரல் மதமதப்பு, படி ஏற முடியாதது, எல்லாம் அதுதான். பட்டினி இல்லை.

அனுமதி கேட்டு ஆபீசிலிருந்து அப்பா போனுக்கு அடித்தேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான். எடுத்தார். "அப்பா" என்றேன். வைத்துவிட்டார். மறுபடி அடித்தால் அணைத்து வைத்திருக்கிறார். நானே வேனில் ஏறியிருப்பேன். வெளியே அனுப்ப மேலிடத்து அனுமதி வேண்டும், அது வர மத்தியானம் ஆகும். அதைவிட, நான் வாசலில் நின்றால் அவர் பிடிவாதத்தில் வீட்டை விட்டு அசையவே மாட்டார் என்று பயம். அதில் போகிற நேரத்துக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

வர மாட்டேன் என்றால் இதை வாசித்துக் காட்டு.

அப்பா, நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருந்த ஸ்டான்லி அண்ணன் கதையைச் சாப்பிடும்போது உங்களுக்குச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? சிரித்துப் பேசிக்கொண்டே வந்து படுத்தவர், மெஷினில் போட்ட ஐந்தாவது நிமிஷம் போய்விட்டார் என்று. நீங்கள் சோற்றைப் பிசையாமல் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். உங்களையே பயப்பட வைத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. நான் பாதிதான் சொன்னேன். அவர் அதற்கு முன்னால் இரண்டு தடவை வராமல் இருந்தார். ஒரு கல்யாணத்தில் இளநீர் இளநீராகக் குடித்திருந்தார். வரும்போதே நெஞ்சு நிற்கப்போகிற நிலைமை. மெஷின் அவரைக் கொல்லவில்லை. மெஷினுக்கு வராத நாட்கள்தான் கொன்றன. இந்தப் பாதியைச் சொல்லியிருந்தால் நீங்கள் போன மாதமே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பீர்கள். என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். வேனில் ஏறுங்கள் அப்பா.

அக்கா, மேலே மடத்து நம்பர் எழுதியிருக்கிறேன். நல்லதோ கெட்டதோ, ஆல்வின் போனிலிருந்து கூப்பிடு. நான் ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன்.

தர்ஷினி


ரெட்டியார்சத்திரம்
5 மார்ச் 2025, காலை

தர்ஷினிக்கு,

தியானம் முடிந்திருக்கும். என் கடிதம் கிடைத்ததா? நீ பதில் போடுவதற்குள் இன்னொன்று எழுதுகிறேன், மனசு சரியில்லை.

இன்று சாம்பல் புதன் பூசைக்கு அப்பாவால் கோவிலுக்கு வர முடியவில்லை. கட்டிலை விட்டு எழுந்தவர் கால் பஞ்சாகத் துவண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நெஞ்சு விட்டு விட்டு அடிக்குது" என்றார். கையைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. காலையில் ஏதோ போன் வந்தது, எடுத்துக் கேட்டுவிட்டு அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். யாரென்று கேட்டதற்கு, "ராங் நம்பர்" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

உடம்பில் உப்புச் சத்துப் போதாமல்தான் இந்தத் தளர்ச்சி என்று எனக்குப் படுகிறது. சட்டியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மத்தியானம் ரசத்தில் கூட ஒரு கரண்டி சேர்த்துப் போடப்போகிறேன். தேறிவிடுவார். தபால் பெட்டியில் இதைப் போட்டுவிட்டு வந்து உலை வைக்க வேண்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறதடி. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

அக்கா


திண்டுக்கல்
9 மார்ச் 2025

சின்னவளே,

அன்றைக்குப் போனில் "உயிரோட இருக்கார்" என்பதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. உன்னிடமிருந்து போனை வாங்கின பொறுப்புச் சகோதரி பாவம், நான் அழுததை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். மீதியை இப்போது எழுதுகிறேன். ஆஸ்பத்திரி வராந்தா, மடியில் நோட்டு. ஐந்தாம் தேதி காலையில் நான் போட்ட கடிதம் இதற்குள் உனக்கு வந்திருக்கும். கிழித்துப் போட்டுவிடு.

ஆல்வின் வந்தபோது மணி பன்னிரண்டரை. சோற்றில் ரசம் ஊற்றிவிட்டேன். அப்பா பிசைந்துகொண்டிருந்தார். வாசலில் நின்றே உன் முதல் நாலு வரியைப் படித்தேன். ஓடிப்போய்த் தட்டைத் தட்டிவிட்டேன். ரசம் அவர் வேட்டியில், சுவரில், எல்லாம். இத்தனை நாள் அவர் வீசின தட்டு, அன்றைக்கு நான் வீசினேன். "ஏலே, பைத்தியமா ஒனக்கு?" என்று கத்த வந்தவருக்குக் குரல் எழும்பவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்பா, எந்திரிங்க" என்றேன்.

"யாரு சொன்னா? அவளா? அவ சொன்னா நான் போகணுமா?"

நீ சொன்னபடி வாசித்தேன். ஸ்டான்லி அண்ணன் பெயர் வந்ததும் அவர் கை கட்டில் சட்டத்தைப் பிடித்தது. கடைசிவரை வாசித்தேன். கையில் ஒட்டியிருந்த சோற்றை வேட்டியில் துடைத்தார். பிறகு ஆல்வினைப் பார்த்து, "அப்பு, செத்தக் கைகொடு" என்றார். அவ்வளவுதான். ஆல்வினும் நானும் தூக்கித்தான் ஏற்றினோம். வழியெல்லாம் என் விரலை அவர் மணிக்கட்டில் வைத்துக்கொண்டே வந்தேன். இரண்டு இடத்தில் துடிப்பே இல்லை என்று தோன்றியது. ஆண்டவரே, ஆண்டவரே என்பதைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை.

வாசலில் நீ எழுதிக் கொடுத்த சொற்களையே சொன்னேன். ஈசிஜி காகிதத்தைப் பார்த்த நர்ஸ் நடக்கவில்லை, ஓடினாள். பொட்டாசியம் 7.6. ஏதோ ஊசி போட்டார்கள், கழுத்தில் குழாய் வைத்தார்கள், மெஷினில் போட்டார்கள். என்னைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தார். கம்பத்தில் ஏறும்போது எடுப்பாரே, அந்த மாதிரி நீளமாக மூச்சு எடுத்தார்.

சின்ன டாக்டரிடம் ஒன்று கேட்டேன். "நான் போட்ட உப்பா சார்?" என்று. அவர் பொய் சொல்லவில்லை. கிட்னி எப்படியும் மெஷினுக்குத்தான் வந்திருக்கும், ஆனால் இந்த உப்பில் இன்னும் ஒரு வேளை சாப்பிட்டிருந்தால் இங்கே கொண்டு வந்திருக்க மாட்டீர்கள் என்றார். ஒரு வேளை. அந்த ரசம்.

மாற்றுத்துணி எடுக்க வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனபோது சிவனம்மாளைப் பார்த்தேன். சண்டை போடத்தான் போனேன். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ஏன் தாயி, நீ கால் வீக்கம்னுதான சொன்ன? கிட்னின்னு ஒரு வார்த்த சொல்லலையே. மூத்திரம் ஒழுங்கா போற ஒடம்புக்குத்தான் அது. அதுவும் ஒரு சிட்டிகை. சோத்துல போட்டுப் பெசையவா சொன்னேன்?" என்றார். அப்பா மறைக்கச் சொன்னார், நான் மறைத்தேன். என் மூளையை மெச்சிக்கொண்டு உனக்கு வேறு எழுதினேன். மண்சட்டியைக் குப்பையில் போட்டால் யாராவது எடுத்துவிடுவார்களோ என்று பயந்து உடைத்துப் புதைத்தேன். குளத்தோரம் நீர்முள்ளி பாட்டுக்குப் பூத்து நிற்கிறது. அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் கையைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. இனிமேல் அவருக்கு ஒரு பிடி சோறு வைக்கவும் இந்தக் கை யோசிக்கும்.

வாரம் இரண்டு தடவை மெஷின் என்கிறார்கள். அடுத்தது செவ்வாய்க்கிழமை. நீ வரணும் என்று நான் எழுதவில்லை. அது உனக்கும் உன் ஆண்டவருக்கும் உள்ளது.

நேற்று ஒன்று நடந்தது, அதைச் சொல்லி முடிக்கிறேன். மத்தியானம் ஆஸ்பத்திரிச் சாப்பாடு வந்தது. வெள்ளைச் சோறு, உப்பில்லாத முட்டைகோஸ். நான் தட்டை வைத்துவிட்டு, பறக்கப்போகிறது என்று இரண்டடி தள்ளி நின்றேன். அப்பா ஒரு வாய் வைத்தார். முகம் சுளித்தார். இன்னொரு வாய் வைத்தார். கடைசிப் பருக்கைவரை தின்றார். கையைக் கழுவிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "தர்ஷினிக்கு எழுதுவியா?" என்றார்.

ஒன்றரை வருஷம் கழித்து உன் பெயர்! தலையை ஆட்டினேன்.

"அப்பா உப்பில்லாம தின்னுட்டாருன்னு எழுது."

எழுதிவிட்டேன்.

அக்கா